வளைவில் இறங்கித் தள்ளியது யார்?

அத்தியாயம் ஆறு

மலையில் சைக்கிள் ஓட்டுவதற்கு முதலில் வேண்டியது சைக்கிள் என்றுதான் வீரய்யா இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தான். அது எவ்வளவு பெரிய அறியாமை என்று அன்று காலை நின்றுகொண்டே கற்றுக்கொண்டான். முதலில் வேண்டியது ஹெல்மெட். அப்புறம் முழங்கால் கவசம், முழங்கைக் கவசம், உள்ளே மெத்தை வைத்த கையுறை, சேறு படாத கண்ணாடி, முதுகில் தண்ணீர்ப் பை, அந்தப் பையிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். சைக்கிள் எல்லாவற்றுக்கும் கடைசி. அந்தச் சைக்கிளும் இப்போது இல்லை. விடியற்காலையில் களவு போயிருந்தது.

பாடம் நடத்தியவர் சஞ்சயன், கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர். வெளிநாட்டுச் சான்றிதழ்கள் வைத்திருந்தார், கேட்காதவர்களுக்கும் காட்டுவார். அவரை வரவழைத்தவர் அன்ஸார். ஹட்டன் கடைத்தெருவில் இரும்புச் சாமான் விற்று முன்னுக்கு வந்த அன்ஸார், லிந்துலைக்கு மேலே கூம்புமலைத் தோட்டத்துப் பழைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தேயிலைக்குள்ளே ஒற்றையடிப் பாதையில் சைக்கிளோடு உருண்டு இறங்க ஆசைப்படுகிற வசதியான மனிதர்களுக்காக ஒரு தொழில் தொடங்குவது அவர் திட்டம். முதல் கூட்டம் இன்று பொழுது சாய்வதற்குள் வந்துவிடும். நாளை காலை சவாரி. முன்னால் போகிறவருக்கென்று தருவித்த சைக்கிள்தான், முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்தது, ஸ்டோரிலிருந்து மாயமாகியிருந்தது.

"ஆக்சுவலி, அந்த சைக்கிள் இல்லாமல் நான் நாளைக்கு இறங்க முடியாது," என்றார் சஞ்சயன். "தரமான உபகரணம் இல்லாமல் ஒரு ப்ரொஃபெஷனல் மலையில் இறங்குவது தற்கொலைக்குச் சமம்."

"நம்ம பக்கம் சீனி மூட்டைய பின்னால கட்டி, அதுக்கு மேல மச்சானையும் ஏத்திக்கிட்டு இறங்குறாங்க சார்," என்றான் வீரய்யா. "பிரேக்கு, கால்ல போட்ருக்க செருப்புதான்."

சஞ்சயன் அவனை ஒரு பழைய டியூபைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இந்தச் சம்பாஷணையில் கலந்துகொள்ளாமல் ஸ்டோருக்குள் உலாவிக்கொண்டிருந்தவள் யசோதினி. யாழ்ப்பாணத்துக்காரி. காப்புறுதிக் கம்பனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கிற வேலையில் இருந்தாள். கம்பனியின் பொய்களையும் சேர்த்துக் கண்டுபிடித்ததால் வேலை போயிற்று. இப்போது ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறிகிறாள். வீரய்யா அவளுடைய ஓட்டோக்காரன். உதவியாளன் என்ற பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டவன்.

"இந்த முழங்கால் கவசம் ஆற்றது?" என்று கேட்டாள் யசோதினி.

"என்னுடையது. டாப் குவாலிட்டி. போன வருஷத்திலிருந்து பாவிக்கிறேன்."

அதன்மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. யசோதினி அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். பிறகு அவர் பழகுகிற சைக்கிளின் டயரை அமுக்கினாள். கல்லை அமுக்கினமாதிரி இருந்தது.

"காத்து இவ்வளவு வேணுமோ?"

"மேக்ஸிமம் மேடம்! காற்று எவ்வளவோ அவ்வளவு ஸ்பீட்."

"ஓம், ஓம்," என்றாள் யசோதினி, பாடம் கேட்கிற பிள்ளையின் முகத்தோடு. அந்த முகத்தை அவள் போட்டால் யாருக்கோ கேடுகாலம் என்பது வீரய்யாவுக்குத் தெரியும்.

அன்ஸார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மிஸ், பூட்டு ஒடையல்ல. சாவி மூணு. ஒண்டு எனக்கிட்ட ஈக்கி. நான் ராவு ஹட்டன்ல, பொஞ்சாதி புள்ளைகளோட. ஒண்டு சஞ்சயன் சேர்கிட்ட. மத்தது பிரேமினிகிட்ட. இதுல யோசிக்க என்ன ஈக்கிற? இண்டைக்கிக் காலையில பெரட்டுல வச்சே சொல்லிட்டன், அந்தி ஆகங்காட்டி சைக்கிள் வரல்லாட்டி பொலிஸ்தான் எண்டு."

பெரட்டு என்றால் சும்மா இல்லை. வேலைக்குப் பேர் கொடுக்கத் தோட்டமே கூடி நிற்கிற இடம். அந்த இடத்தில், தன் தாய் கொழுந்துக்கூடையோடு நின்றுகொண்டிருக்க, பிரேமினி கள்ளி ஆக்கப்பட்டிருந்தாள். கூம்புமலையிலிருந்து சைக்கிள் வழிகாட்டியாகத் தேர்வான முதல் பெண் அவள். இப்போது ஸ்டோருக்கு வெளியே சுவரோடு சாய்ந்து நின்றாள். அழவில்லை. அழுது முடிந்த கண் அது. அந்திக்குள் சைக்கிள் கிடைக்காவிட்டால் வேலையும் போகும், பேரும் போகும். வேலை வேறு கிடைக்கலாம். தோட்டத்தில் போன பேர் திரும்பி வந்ததாக வீரய்யா கேள்விப்பட்டதில்லை.

இரவு பெய்த மழை விடிவதற்கு முன்பே விட்டிருந்தது. அதனால் கள்ளன் தன் வழியை மண்ணில் எழுதிவிட்டே போயிருந்தான். பெரிய பல் வைத்த டயர்த்தடம் ஸ்டோரிலிருந்து கிளம்பி, தேயிலைக்குள் போகும் வண்டிப்பாதையில் இறங்கி, ஒரு வளைவைத் தாண்டி, மேடேறித் தார் ரோட்டில் மறைந்தது. யசோதினியும் வீரய்யாவும் அன்ஸாரும் அதன் பின்னாலேயே நடந்தார்கள். சஞ்சயன் வரவில்லை. மீதி உபகரணங்களைப் பாதுகாக்க வேண்டுமாம்.

வளைவில் யசோதினி நின்றாள்.

"வீரய்யா, இஞ்ச வடிவாப் பாருங்கோ. இதுவரைக்கும் டயர் மட்டும். இதில இருந்து சப்பாத்து அடியும் சேர்ந்து வருது. அந்தப் பற்றையடியில சப்பாத்து நிண்டுட்டுது, திரும்ப டயர் மட்டும். என்ன விளங்குது?"

"இறங்கித் தள்ளிட்டு மறுபடி ஏறியிருக்காங்க. சப்பாத்த வச்சி ஆளப் புடிக்க முடியாதுங்க மேடம். முதலாளி எல்லாருக்கும் ஒரே பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்துருக்காரு. அளவையும் மழைத்தண்ணி ஊறித் தின்னுருச்சு."

"அளவை விடுங்கோ. மேட்டில இறங்கித் தள்ளினா நியாயம். இந்த ஆள் சமதரையில இறங்கித் தள்ளிப்போட்டு, மேடு துவங்கிற இடத்தில ஏறியிருக்கு. பைத்தியமோ?"

"பைத்தியம் இல்லங்க. முனி."

"எது?"

வீரய்யா சாலையோரத்தைக் காட்டினான். அங்கே கல் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் கல். அதற்குப் பின்னாலும் கல். மலை என்றால் கல் கிடக்கத்தானே செய்யும். அவற்றில் ஒன்று முனியாண்டி. சூலம் இல்லை, கூரை இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு பொட்டு வைப்பார்கள், அடுத்த மழை அதைக் கழுவிவிடும்.

"இந்தத் தோட்டத்துல யாரும் முனிய சவாரி பண்ணித் தாண்ட மாட்டாங்க மேடம். எறங்கி, தள்ளிக்கிட்டுப் போய், அங்கிட்டுப் போயித்தான் ஏறுவாங்க. எனக்குப் பொண்ணு குடுத்த ஊரு, அதான் தெரியும். வெளியாளுக்கு இது கல்லுதான்."

"அதுக்கோ காலமை ஓட்டோவைத் தள்ளினனீங்கள்? நான் பெற்றோல் முடிஞ்சுதாக்கும் எண்டு நினைச்சுப் பேசாமல் இருந்தன்."

"நீங்க உள்ள உக்காந்துதான் வந்தீங்க. அதுக்கு வேற நான் முனிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன்."

அன்ஸார் கையைத் தட்டினார். "அப்ப முடிஞ்சி தானே மிஸ்! இந்தக் கல்லு எனக்கித் தெரியவே தெரியா. சஞ்சயன் சேர் கொழும்பு ஆள், முந்தாநாள்தான் முதல் தடவையா இந்தப் பக்கம் வந்த. மிச்சம் யாரு? தோட்டத்துப் புள்ளதானே?"

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். அது தானே கெட்டுப்போகும், அதோடு சரி. வீரய்யா வாயைத் திறந்ததில் அடுத்த வீட்டுப் பெண்ணல்லவா கெட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பேச்சைத் திரும்ப விழுங்கிவிட ஆசைப்பட்டான்.

"பிரேமினியைக் கூப்பிடுங்கோ," என்றாள் யசோதினி.

பிரேமினி வந்தாள். வளைவுக்கு வந்ததும் அவள் பார்வையும் அந்தக் கல்லுக்குப் போயிற்று. அன்ஸார் அதைக் கவனித்து, பார்த்தீர்களா என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"தங்கச்சி, நீங்கள் சைக்கிள் பழகேக்குள்ள இந்த இடத்தில இறங்கிறனீங்களோ?"

பிரேமினி தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லங்க மேடம்."

"இல்லையா?" வீரய்யா நெஞ்சில் கை வைத்தான்.

"மேல இருந்து வர்ற வேகத்துலயே இந்த மேட்ட ஏறிடணும்ண்ணே. இங்க எறங்குனா அந்த வேகம் போயிரும். அதுனால முனிகிட்டயே சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை மொத்தமா சூடம் கொளுத்திடுறேன், வாரம் பூரா எறங்க மாட்டேன், கோச்சுக்காதீங்கன்னு."

"முனிக்கே சீசன் டிக்கட்டா!"

"பூசாரி என்னைய எல்லார் முன்னாடியும் ஏசுனாரு. வேணும்னா கேட்டுப் பாருங்க."

வீரய்யா அப்போதே பூசாரிக்கு போன் போட்டான். பிரேமினி என்ற பேரைச் சொன்னதுதான் தாமதம். இறங்காத பெண், மதியாத பெண், மூன்று மாதமாக முனி முகத்தில் சேறடித்துக்கொண்டு போகிற பெண் என்று பூசாரி எடுத்து வைத்த நற்சான்றிதழ், ஸ்பீக்கர் போடாமலே எல்லோருக்கும் கேட்டது. சஞ்சயனின் சான்றிதழ்கள்கூட இவ்வளவு விளக்கமாக இருக்காது.

"சரி, எண்டைக்கும் எறங்கல்ல," என்றார் அன்ஸார், விடாமல். "நேத்து ராவு மட்டும் எறங்கீக்கலாம் தானே?"

"களவெடுத்துக்கொண்டு இருட்டில ஓடேக்குள்ள ஆரும் புதுசாப் பக்தி பழகமாட்டினம், அன்ஸார். அந்த அவசரத்தில கால் பழகினதைத்தான் செய்யும். இவவின்ர கால் இறங்காமப் பழகின கால். இதில இறங்கினது சின்னனில இருந்து இறங்கிப் பழகின கால்."

"அப்படி ஒரு கால் எங்கட்ட இல்லயே மிஸ்!"

"இருக்கு. இப்ப வரும். நீங்களும் தங்கச்சியும் அந்த மேட்டில தேயிலைக்குப் பின்னால நில்லுங்கோ. வீரய்யா, நாங்கள் போய் சஞ்சயனை ஓட்டோவில கூட்டிக்கொண்டு வருவம். இந்த இடத்தில நிப்பாட்டாதேங்கோ. தள்ளாதேங்கோ. பாட்டைச் சத்தமாப் போட்டுக்கொண்டு அப்பிடியே விடுங்கோ."

வீரய்யாவின் முகம் வெளுத்தது. "மேடம், எனக்குப் பொண்டாட்டி இருக்கு. புள்ளைங்க இருக்கு. ஓட்டோவுக்கு லீசிங் இருக்கு."

"முனியிட்ட என்ர பேரைச் சொல்லுங்கோ."

"ஒங்களுக்கென்னங்க, நீங்க யாழ்ப்பாணம் போயிருவீங்க. நான்தானே இந்த வழியா மாமியார் வீட்டுக்கு வரணும்!"

புலம்பினாலும் போனான். எங்கெங்கே எச்சரிக்கைப் பலகை நட வேண்டும் என்று நிபுணரின் அபிப்பிராயம் தேவைப்படுகிறது என யசோதினி சொன்னதும் சஞ்சயன் உடனே கிளம்பிவிட்டார். அபிப்பிராயம் கேட்டு மறுத்த நிபுணர் உலகத்தில் உண்டா? ஓட்டோவில் ஏறியதிலிருந்து வாய் மூடவில்லை. ஈரப் பாதைக்கு எந்தப் பிரேக், கல்லுப் பாதைக்கு எந்த டயர், முன் ஸ்பிரிங் எத்தனை அங்குலம் அமுங்க வேண்டும் என்று பாட்டுச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு வந்தார்.

வளைவு நெருங்கியது. முனியாண்டி ஐயா, நான் கூலிக்காரன், ஏவினது பின்னால் இருக்கிற அம்மா என்று வீரய்யா மனதுக்குள் மன்றாடியபடியே வேகத்தைக் கூட்டினான். கண்ணாடியில் சஞ்சயன் தெரிந்தார்.

ஸ்பிரிங்கைப் பற்றிய பேச்சு பாதியில் நின்றது. நிபுணரின் கை மேலே போய்த் தலையிலிருந்த தொப்பியை எடுத்தது. கால்கள் ஒன்றையொன்று தேய்த்துச் சப்பாத்தைக் கழற்றின. வளைவுக்குள் ஓட்டோ நுழைந்தும் வேகம் குறையவில்லை என்றதும் அவர் எழும்பி வீரய்யாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏய், நிப்பாட்டுப்பா! முனி இருக்காருல்ல! எறங்காம போறியே, ரத்தம் கக்கவா?"

வீரய்யா பிரேக்கை மிதித்தான். இத்தனை நன்றியோடு அவன் எந்தப் பிரேக்கையும் மிதித்ததில்லை.

யசோதினி கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள். "எந்த முனி?"

சஞ்சயனின் கண், அங்கே கிடந்த அத்தனை கல்லையும் விட்டுவிட்டு, நேராக ஒரு கல்லுக்குப் போய்த் திரும்பியது. "ஆக்சுவலி... யாரோ இங்கே சொன்னார்கள்."

"ஆர்? காலமை இதில வந்து நிண்டும் எனக்குத் தெரியேல்லை. அன்ஸாருக்குத் தெரியாது. உங்களோட இந்தப் பாதையால வந்தது பிரேமினி ஒராள்தான். அவ இதில இறங்கிறதே இல்லை." யசோதினி கீழே பார்த்தாள். "சப்பாத்தைக் கழட்டவும் ஆரும் சொன்னவையோ?"

சஞ்சயன் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். அந்தக் கால் தன்னுடையதா என்று சந்தேகப்படுகிறவர்போல வெகுநேரம் பார்த்தார்.

"முழங்கால் கவசத்தில கடைத்தாள் இன்னும் உரிக்கேல்லை," என்றாள் யசோதினி. "ஈரக் கல்லில இறங்கிற டயருக்குக் காத்துக் குறைக்கோணும். வாற வழியில போனில ஒரு வீடியோ பாத்த எனக்கே தெரியுது. நீங்கள் கல்லு மாதிரி அடிச்சு வச்சிருக்கிறியள். இந்தச் சின்னச் சரிவில ஓட்டுவியள், நாளைக்கு இறங்கிற மலையில உங்களுக்கு இறங்கத் தெரியாது. நாளைக்கு எல்லாரும் பாக்க இறங்கோணும். சைக்கிள் இல்லாட்டி இறங்கத் தேவையில்லை, மரியாதையும் மிஞ்சும்."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இந்த மனிதர் மேடையையே தூக்கிக்கொண்டு போய் ஒளித்துவிட்டார் என்று வீரய்யா நினைத்தான். ஆச்சரியமாக, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"கொழும்புல சைக்கிள் கடையில வேலை பாத்தேங்க," என்றார் சஞ்சயன். கொழும்பு அவர் பேச்சிலிருந்து இறங்கிப் போயிருந்தது. "எல்லா சாமானும் தெரியும். விக்கிறவன் ஓட்டுறவன்னு ஆளுங்க நம்புறாங்க. நானும் அப்படியே நம்ப விட்டுட்டேன். சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டர்ல அடிச்சது. முந்தாநாள் மேல நின்னு கீழ பாத்தேன். காலு நடுங்கிருச்சு. சைக்கிள ரோட்டுக்கு அங்கிட்டு, மூடிக் கெடக்குற கொழுந்து மடுவத்துல வச்சிருக்கேன். ராத்திரி அவசரத்துல சப்பாத்தக் கழட்டாமத் தள்ளிட்டேன், அதான் முனி காட்டிக்குடுத்துட்டாரு. சவாரி நின்னதும் எடுத்துக் குடுத்துரலாம்னுதான் இருந்தேன். சத்தியமா யாரையும் மாட்டிவிட நெனைக்கலங்க."

"நீங்கள் மாட்டத் தேவையில்லையே," என்றாள் யசோதினி. அவள் குரலில் கேலி போய்விட்டது, கோபம் மட்டும் இருந்தது. "சாவி மூண்டில ரெண்டு மரியாதையான ஆக்களிட்ட இருந்தா, மூண்டாவது ஆள் தானா மாட்டுப்படும். அது உங்களுக்குத் தெரியும். இந்தத் தோட்டத்திலதானே வளந்தனீங்கள்?"

தேயிலைக்குப் பின்னாலிருந்து அன்ஸாரும் பிரேமினியும் வந்தார்கள். கொழுந்து நிறுக்கிற அந்தப் பழைய கொட்டகைக்குள் போன அன்ஸார், சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பினார். ஒரு கீறல்கூட இல்லை. அவருடைய முகத்தில்தான் ரத்தம் இல்லை. பிரேமினியின் எதிரில் வந்து சைக்கிளின் கைப்பிடியை அவள் பக்கம் திருப்பினார்.

"மகள், என்ட பிழை. பொலிஸும் வாணாம், ஒண்டும் வாணாம். நாளைக்கி நீயே முன்னுக்குப் போ."

பிரேமினி கைப்பிடியைத் தொடவில்லை. "போறேன் முதலாளி. ஆனா பெரட்டுல வச்சு என்னைய கள்ளின்னு சொன்னீங்க. இங்க வந்து தேயிலைகிட்ட மன்னிப்புக் கேட்டா எப்படி? பெரட்டுல வந்து சொல்லுங்க. எங்கம்மா நிக்கிறப்ப சொல்லுங்க."

"சொல்றன். வல்லாஹி, நாளைக்கிக் காலையில சொல்றன்."

அதற்குப் பிறகுதான் அவள் சஞ்சயன் பக்கம் திரும்பினாள். அடிப்பாளோ என்று வீரய்யா பயந்தான். அடித்தால் தடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தான். அவள் கேட்டது வேறு.

"எந்த லயம்?"

"மேல்லயம், கடைசி வீடு," என்றார் சஞ்சயன். "பத்து வயசுல சித்தியோட கொழும்புக்குப் போனேன். எங்கம்மா மூக்காயி."

பிரேமினியின் முகம் மாறியது. "மூக்காயி பெரியம்மாவா? எங்கம்மாவும் அவங்களும் ஒரே நிரையில கொழுந்து எடுத்தவங்க. எம்மகன் கொழும்புல பெரிய ஆளு, சப்பாத்து போட்டு வேலைக்குப் போறான்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. சாவு வீட்டுக்குக் கூட ஒருத்தரும் வரல. மகன் எங்கயோ தொலஞ்சிட்டான், இந்தம்மா கதை கட்டுதுன்னு ஊரு பேசிச்சு. நானும் சிரிச்சிருக்கேன்."

சஞ்சயன் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழத் தொடங்கினார். அவரை யாரும் தேற்றவில்லை.

"நான் களவெடுக்கலன்னு முதலாளி சொல்லுவாரு," என்றாள் பிரேமினி. "நீங்களும் நாளைக்குப் பெரட்டுக்கு வாங்க. சைக்கிளப் பத்தி ஒண்ணும் பேச வேணாம். மூக்காயி மகன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அந்தம்மா பொய் சொல்லலன்னு ஊருக்கும் தெரியட்டும்."

சஞ்சயன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். தலையை ஆட்டினார்.

"பெரட்டு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"அதுவும் மறந்துபோச்சா?" என்றாள் பிரேமினி.